காந்தியின் கன்றும் எங்கள் தெருப் பூனையும்

போன ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, தாராசுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற காரைப் பின்னால் எடுத்தேன். அடியில் தெருப் பூனை ஒன்று மழைக்கு ஒதுங்கிப் படுத்திருந்தது எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்தபோது, அது முன்னங்கால் இரண்டையும் ஊன்றிப் பின்பாதி உடம்பை இழுத்துக்கொண்டு திண்ணைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. துண்டைப் போட்டுத் தூக்கினேன். கட்டைவிரலில் கடித்துவிட்டது.

அடுத்த பத்து நிமிஷத்தில் ரெண்டு தீர்ப்பு வந்துவிட்டது. எதிர்வீட்டு அத்தை சொன்னார்: "பூனையைக் கொன்னா தங்கத்துல பூனை செஞ்சு குடுத்தாலும் பாவம் தீராதுப்பா. எப்பாடு பட்டாவது காப்பாத்திடு." ஆட்டோக்கார அண்ணன் சொன்னார்: "எதுக்கு சார் அதைப் போட்டு வதைக்கிறீங்க? ஒரு ஊசியைப் போட்டுட்டா அதுக்கும் நிம்மதி." ரெண்டு பேருமே இரக்கத்தில்தான் சொன்னார்கள். ரெண்டு பேருமே பூனைக்குப் பக்கத்தில் வந்து பார்க்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி ஞாபகம் வந்தது காந்தியின் கன்று. பல வருஷம் முன்னால் அகிம்சை பற்றிக் குறிப்பெடுத்தபோது படித்த கட்டுரை. மறுபடி எடுத்துப் படித்தேன். அடுத்த பதினோரு நாளும் அந்தக் கட்டுரையோடு சண்டை போட்டுக்கொண்டேதான் இருந்தேன். அந்தச் சண்டைதான் இந்தக் குறிப்பு.

கட்டுரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி ஊனப்பட்டுப் படுத்துவிட்டது. முடிந்த வைத்தியமெல்லாம் பார்த்தார்கள். மருத்துவர் வந்து பார்த்து இனி நம்பிக்கை இல்லை என்றார். காந்தி ஆசிரமத்தின் நிர்வாகக் குழுவையும் அக்கம்பக்கத்தாரையும் கலந்துகொண்டார். நம்மால் உண்டாக்க முடியாத உயிரை எடுக்க நமக்கு உரிமை இல்லை என்று ஒருவர் எதிர்த்தார். அதைக் கேட்டுக்கொண்டே, கடைசியில் ஒரு மருத்துவரைக் கொண்டு விஷ ஊசி போட்டு கன்றின் உயிரை முடிக்க வைத்தார். ரெண்டு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்தது என்று அவரே எழுதுகிறார். இதைப் பற்றிய கட்டுரை குஜராத்தி நவஜீவனில் 1928 செப்டம்பர் 30-லும், ஆங்கில யங் இந்தியாவில் அக்டோபர் 4-லும் வந்தது. தலைப்பைத் தமிழில் 'அக்கினிப் பரீட்சை' என்று வைத்துக்கொள்ளலாம்.

பரீட்சைதான். அடிபட்ட மாடு, கிழட்டு மாடு, நோய் கண்ட மாடு எல்லாவற்றையும் பாஞ்சராபோலில் சேர்த்து, தானாகச் சாகும்வரை தீனி போடும் சமணரும் வைணவரும் வாழ்கிற குஜராத்தில், பசுவின் கன்றை ஊசி போட்டுக் கொன்றதை அவரே பத்திரிகையில் அறிவிக்கிறார். ஏற்கனவே 1926-ல் அகமதாபாத் ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய் தன் ஆலையில் சுற்றிய அறுபது தெருநாய்களைக் கொல்ல வைத்தபோது, அது தவிர்க்க முடியாதது என்று சொல்லிப் பெரிய எதிர்ப்பைச் சம்பாதித்திருந்தார். அப்போது ஒரு தொடராகவே எழுதி விளக்க வேண்டியிருந்தது. கன்று விஷயத்திலும் வசைக் கடிதங்கள் குவிந்தன. வாரக்கணக்கில் பதில் எழுதினார்.

இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்கள் வழக்கமாக ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்வார்கள். கொல்வது அகிம்சை ஆகுமா, ஆகாதா? 1928-ல் கடிதம் எழுதியவர்களும் இதைத்தான் கேட்டார்கள். இன்றைக்குக் கருணைக்கொலை பற்றி எழுதுகிறவர்களும் இதற்காகத்தான் கட்டுரையை எடுத்துக்காட்டுகிறார்கள். நானும் முன்பு அப்படித்தான் படித்தேன். என் பழைய நோட்டில் கன்றின் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 'அகிம்சையின் எல்லை' என்று பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு மட்டும் இருக்கிறது.

அட்டைப்பெட்டியில் பூனையை வைத்துக்கொண்டு படிக்கும்போது கண்ணில் பட்டது வேறு. கன்றால் வலியில்லாமல் ஒரு பக்கம்கூடத் திரும்ப முடியவில்லை. தீனி இறங்கவில்லை. ஈ மொய்த்துப் பிடுங்குகிறது. கட்டுரையிலும், பின்னால் அவர் கொடுத்த விளக்கங்களிலும் சிதறிக் கிடக்கிற தகவல்கள் இவை. தத்துவ விவாதத்துக்கு இதெல்லாம் தேவையே இல்லை, ஆனாலும் எழுதியிருக்கிறார். அவர் எடுத்த முடிவு அகிம்சை என்ற சொல்லுக்குள்ளிருந்து வரவில்லை, இந்தத் தகவல்களிலிருந்துதான் வந்தது என்பது என் வாசிப்பு. திரும்ப முடிகிறதா, சாப்பிடுகிறதா, ஈயை ஓட்ட முடிகிறதா? இதைப் பார்த்த பிறகுதான் அகிம்சைக்கு வருகிறார். அவரைத் திட்டியவர்களும் பாராட்டியவர்களும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

கும்பகோணத்தில் நான் பார்த்த கால்நடை மருத்துவரும் காலை முதலில் தொடவில்லை. வாயைத் திறந்து ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார். மூச்சைக் கவனித்தார். உடம்புச் சூட்டைப் பார்த்தார். "வீட்ல பாராசிட்டமால் ஏதும் குடுத்தீங்களா?" என்றார். இல்லை என்றதும்தான் வலிக்கு ஊசி போட்டார். பூனையின் கல்லீரலால் பாராசிட்டமாலைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. நாம் தலைவலிக்குப் போடுகிற ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். இரக்கப்பட்டு வீட்டில் மாத்திரை கொடுத்துக் கொண்டுவருவதுதான் நிறைய நடக்கிறது என்றார். பிறகு சொன்னார்: "இன்னைக்கு எந்த முடிவும் எடுக்காதீங்க சார். வண்டியில அடிபட்ட பூனைக்கு முதல் ஒருநாள் நெஞ்சுதான் முக்கியம். எலும்பு எங்கயும் ஓடிடாது."

மறுநாள் எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு ரெண்டு இடத்தில் முறிந்திருந்தது. இடுப்பு முறிவு கேட்கத்தான் பயங்கரம். கூண்டில் அடைத்து நாலு முதல் ஆறு வாரம் அசையாமல் வைத்தாலே பல பூனைகளுக்குச் சேர்ந்துவிடும். கவலை நரம்பில்தான். பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினார். கால் சுருங்கியது. எனக்குச் சந்தோஷம். அவர் சொன்னார்: "காலைப் பாக்காதீங்க, மூஞ்சியைப் பாருங்க. காலை இழுக்கறதை முதுகுத்தண்டே செஞ்சிடும். திரும்பிப் பாக்குதா, கத்துதான்னு பாத்தாத்தான் வலி மூளை வரைக்கும் போகுதான்னு தெரியும்." பூனை திரும்பிப் பார்த்துச் சீறியது. நல்ல அறிகுறி. ஆனால் வால் துவண்டு தொங்கியது, வாலின் அடியில் அழுத்தினால் உணர்வு இல்லை. மூத்திரப்பை நிரம்பியும் தானாகப் போகவில்லை. வாலடி நரம்பும் மூத்திரப்பைக்குப் போகிற நரம்பும் பக்கத்துப் பக்கத்தில் கிளம்புகிறவை. வாலடியில் உணர்வு திரும்பினால் சிறுநீரும் திரும்ப வாய்ப்பு அதிகம். ஒரு மாதத்துக்குள் வரவில்லை என்றால் பெரும்பாலும் வராது.

இந்த இடத்தில் காந்தியின் கட்டுரை எனக்குக் கைகொடுக்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

பின்னால் எழுதிய பதில் ஒன்றில் காந்தி நாலு நிபந்தனை வைக்கிறார். நோய் தீராததாக இருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட எல்லாரும் பிழைக்கும் என்ற நம்பிக்கையை விட்டிருக்க வேண்டும். எந்த உதவியும் பணிவிடையும் பயன்படாத நிலையாக இருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட உயிரால் தன் விருப்பத்தைச் சொல்ல முடியாததாக இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் உயிரை எடுப்பது அகிம்சையில் சேராது என்கிறார். ரொம்பக் கறாரான பட்டியல். கன்றுக்கு நாலும் பொருந்தியது. பூனையை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஆடுகிறது.

முதலாவது, தீராத நோய். இணையத்தில் தேடினால் பூனை விஷயத்தில் எல்லாரும் சொல்கிற ஒரு எண் உண்டு: 90 சதவீதம் பிழைக்கும். இதன் மூலம் 1987-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு. நியூயார்க்கில் அடுக்குமாடிகளிலிருந்து விழுந்து ஒரே ஆஸ்பத்திரிக்கு ஐந்து மாதத்தில் வந்த 132 பூனைகளைப் பற்றியது. அதில் இருப்பது, சிகிச்சை தரப்பட்ட பூனைகளில் 90 சதவீதம் பிழைத்தன என்பதுதான். தெருவிலேயே செத்தது கணக்கில் இல்லை. வைத்தியம் பார்க்காமல் ஊசி போட்டு முடித்துவிடச் சொன்னவர்களின் பூனைகளும் அந்த 90-க்குள் இல்லை. அவர்களில் பலருக்குக் காரணம் செலவு. ஆக, நியூயார்க்கிலேயே 'தீரும்', 'தீராது' என்ற கோடு உடம்பில் பாதியும் பணப்பையில் பாதியுமாக ஓடியிருக்கிறது. அதே ஆய்வில் எனக்கு உதவியது வேறு விவரம்: சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு உயிர்காக்கும் அவசர சிகிச்சை தேவைப்பட்டது, 30 சதவீதத்துக்கு அவசரமில்லாத சிகிச்சை, இன்னொரு 30 சதவீதத்தைச் சும்மா கவனித்தாலே போதுமாக இருந்தது. முதல் நாளே முடிவு எடுக்காதே என்று மருத்துவர் சொன்னதன் நியாயம் இதில் இருக்கிறது.

ரெண்டாவது, எல்லாரும் நம்பிக்கையை விட வேண்டும். யார் அந்த எல்லாரும்? கன்றுக்கு ஆசிரமம் இருந்தது. எங்கள் பூனைக்கு உரிமையாளர் கிடையாது. அம்மா மீன் கழுவும்போது தலையைப் போடுவார், அவ்வளவுதான் உறவு. பேர்கூட வைக்கவில்லை. 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைப் புரட்டினேன். 13-வது பிரிவில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. கொடுமை செய்யாமல் நகர்த்தவே முடியாத நிலையில் ஒரு விலங்கு கிடந்து, உரிமையாளர் இல்லாமலோ சம்மதிக்காமலோ இருந்தால், கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரி கால்நடை மருத்துவரை வரவழைக்கலாம். உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று மருத்துவர் சான்று தந்தால், மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வாங்கி முடிக்கலாம். ஒரு தெருப் பூனைக்காக மாஜிஸ்திரேட்டிடம் யார் போவார்கள் என்பது வேறு விஷயம். எனக்கு முக்கியமாகப் பட்டது சட்டம் கேட்கிற கேள்வி. அது கொல்வதைப் பற்றித் தத்துவம் பேசவில்லை. உயிரோடு இருப்பது இந்த விலங்குக்கு இப்போது என்னவாக இருக்கிறது என்று கேட்கிறது. காந்தி கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதும் அதேதான்.

நாலாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், மூணாவதுதான் என்னைப் படுத்தியது. விருப்பத்தைச் சொல்ல முடியாத உயிர் என்கிறார். பூனை பேசாது, சரி. அதிலும் பூனை வலியை மறைக்கும் ஜாதி. நாய் மாதிரி அழாது, மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும். சத்தம் போடாததால் வலி இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் 2019-ல் கனடாவின் மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் பூனையின் முகத்தை வைத்து வலியை அளக்கிற ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். காது எந்தப் பக்கம் சாய்கிறது, கண் எவ்வளவு இடுங்குகிறது, மூஞ்சி இறுகியிருக்கிறதா, மீசை எப்படி நிற்கிறது, தலை தோளுக்கு மேலா கீழா. ஐந்துக்கும் பூஜ்யம், ஒன்று, ரெண்டு என்று மதிப்பெண். பத்துக்கு நாலு வந்தால் வலிக்கு மருந்து தேவை. செல்போனில் படத்தை வைத்துக்கொண்டு தினமும் மூணு வேளை மதிப்பெண் போட்டேன். ஆகவே நாலாவது நிபந்தனையை நான் திருத்திப் படிக்கிறேன். விலங்கு 'சொல்ல முடியாதது' இல்லை, நாம் படிக்கப் பழகாதவர்கள். 1928-ல் இந்த அளவுகோல் இல்லை. ஆனால் திரும்ப முடிகிறதா, தின்கிறதா என்று குறித்தவர் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய பட்டியலைவிட அவருடைய கண் நுட்பமானது.

மூணாவதுக்கு வருகிறேன். எந்த உதவியும் பயன்படாத நிலை. யாருடைய உதவி? எத்தனை கிலோமீட்டரில் இருக்கிற உதவி?

மூணாம் நாள் முடிவு இதுதான்: காத்திருப்போம். கூண்டு, வலி மருந்து, தினம் மூணு வேளை வயிற்றை அமுக்கிச் சிறுநீரை எடுத்துவிடுவது. கன்றைத் தூக்கிப் புரட்ட நாலு ஆள் வேண்டும். பூனை மூணு கிலோ. அதனால் பணிவிடை செய்ய முடிந்தது. அம்மா என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டார். மூத்திரப்பை எலுமிச்சம்பழம் மாதிரி கையில் உருளும், அதை மெதுவாகப் பின்பக்கமாக அழுத்த வேண்டும். பூனை அம்மாவைக் கடிக்கவில்லை. என்னைக் கடித்ததற்கு நான் அன்றைக்கே கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவி, தடுப்பூசியும் ஆரம்பித்துவிட்டேன். அன்று, மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். பூனைக் கடிக்கும் இது கட்டாயம், விட்டுவிடாதீர்கள். நண்பர் ஒருத்தர் சொன்னார்: "கடிச்ச பூனை பத்து நாள் உயிரோட இருந்தா ரேபீஸ் இல்லேன்னு அர்த்தம். அதுவரைக்குமாவது வெச்சிருங்க." நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்தில் பூனை எனக்கான சோதனைக் கருவி ஆகிவிட்டது.

ஏழாம் நாள் வரை நன்றாகத் தின்றது. முகத்தின் மதிப்பெண் ரெண்டு, மூணுக்குள் இருந்தது. வாலடியில் உணர்வு வரவில்லை. சிறுநீர் கசிந்து பின்தொடை வெந்திருந்தது. எட்டாம் நாள் தீனியை நிறுத்திவிட்டது. மழைக்காலம், ஈ. கொசுவலை போட்டும் வெந்த இடத்தில் முட்டை வைத்துவிட்டது. பூனை சில நாள் தின்னாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும். மருத்துவர் மறைக்காமல் சொன்னார்: "ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்க. கழுத்து வழியா டியூப் வெச்சு வாரக்கணக்குல ஊட்டலாம். கல்லீரல் தேறலாம். மூத்திரம் திரும்புமான்னு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது. இல்லேன்னா இங்கயே முடிச்சுக்கலாம். ரெண்டுல எதைச் செஞ்சாலும் தப்பு இல்ல. எதுவும் செய்யாம வெச்சிருக்கறதுதான் தப்பு."

அந்தக் கல்லூரி 2012-ல் தொடங்கியது. அதற்கு முன்னால் இதே கேள்விக்குத் தஞ்சாவூர் ஜில்லாவில் வேறு பதில் இருந்திருக்கும். தஞ்சாவூரைத் தாண்டிப் போக வேண்டும். ஒரு தடவை இல்லை, பலமுறை. என் வேலை, அம்மாவின் வயசு, கையிலிருந்த பணம். அதற்குள் அரை மாதச் சம்பளம் போயிருந்தது. காந்தியின் மூணாவது நிபந்தனைப்படி, உதவி இருந்தது. ஆகவே ஊசி போடுவது அகிம்சை இல்லை. பட்டியல் தெளிவாகத்தான் இருக்கிறது.

என் விமர்சனம் இங்கேதான். அந்தப் பட்டியல் ஆசிரமத்தில் எழுதப்பட்டது. அங்கே ஆள் உண்டு, நேரம் உண்டு, கூப்பிட்டால் வருகிற மருத்துவர் உண்டு. அதனால்தான் காந்தியால் செலவு என்ற சொல்லே இல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடிந்தது. உதவி என்பது ஒரு இடத்தில் இருக்கிறது, அதற்கு ஒரு விலை இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால், ஏழை வீட்டில் எடுக்கப்படுகிற முடிவெல்லாம் பாவமாகவும் வசதியான வீட்டில் எடுக்கப்படுவதெல்லாம் கருணையாகவும் ஆகிவிடும். நியூயார்க்கில் செலவுக்குப் பயந்து ஊசி போடச் சொன்னவர்களை நான் இனிமேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அதே சமயம், செலவைக் கருணை என்று பேர் மாற்றிச் சொல்லவும் கூடாது. எதிர்வீட்டு அத்தையிடம் நான் "அது ரொம்பக் கஷ்டப்படுது அத்தை" என்று மட்டும்தான் சொன்னேன். "என்னால முடியல அத்தை" என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் அதே கட்டுரையின் ரெண்டாம் பாதியில் நாலு நிபந்தனையைவிடக் கூர்மையான ஒன்று இருக்கிறது. ஆசிரமத்தின் பயிரையும் பழத்தையும் அழிக்கிற குரங்குகளைப் பற்றி எழுதுகிறார். அவற்றைக் கொன்றால் அது இம்சைதான் என்கிறார், ஏனென்றால் அது குரங்கின் நன்மைக்காக இல்லை, நம் நன்மைக்காக. கன்றைக் கொன்றது கன்றுக்காக. செயல் ஒன்றேதான், யாருக்காக என்பதில்தான் வித்தியாசம். அறுவை செய்கிற மருத்துவரின் கத்தியையும் அவர் இப்படித்தான் நியாயப்படுத்துகிறார்.

இந்தச் சோதனையைக் காந்தி கொல்வதற்கு மட்டும்தான் வைத்தார். வைத்தியம் பார்ப்பதற்கு வைக்கவில்லை. வைத்தியம் என்றாலே அது நோயாளிக்காகத்தான் என்று எடுத்துக்கொண்டார். நான் வைத்துப் பார்த்தேன். எட்டாம் நாள் மருத்துவர் சொன்ன பிறகும் நான் ஒரத்தநாட்டுக்கும் போகவில்லை, ஊசிக்கும் சரி என்று சொல்லவில்லை. சிரிஞ்சில் கஞ்சி ஊற்றிக்கொண்டு மூணு நாள் உட்கார்ந்திருந்தேன். முகத்தின் மதிப்பெண் ஆறு, ஏழு. பத்தாம் நாள் காதின் உள்பக்கம் மஞ்சளாகிவிட்டது. அந்த மூணு நாள் யாருக்காக? பூனைக்காக இல்லை. காரை எடுத்தவன் நான். இன்னும் கொஞ்சம் பணிவிடை செய்தால் என் கணக்கு நேராகிவிடும் என்று உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன்.

நம் பக்கத்தில் அடிபட்ட கன்று என்றாலே மனுநீதிச் சோழன்தான். எங்கள் ஊர் ஐராவதேசுவரர் கோயில் சுவரில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகின்றன. அந்தக் கதைகளைப் பாடிய பெரியபுராணம், நாயன்மார்களுக்கு வருவதற்கு முன்பே திருவாரூர்ச் சிறப்பில் இந்தக் கன்றைச் சொல்லிவிடுகிறது. இளவரசன் தேரில் கன்று அடிபடுகிறது, பசு மணியை அடிக்கிறது. பிராயச்சித்தம் செய்துவிடலாம் என்று அமைச்சர்கள் சொல்கிறார்கள், ராஜா ஒத்துக்கொள்ளவில்லை. மகன்மேல் தேரை ஓட்டுகிறான். கடைசியில் இறைவன் எல்லாரையும் எழுப்பிக் கொடுக்கிறான். தங்கப் பூனை செய்து கொடுத்துக் கணக்கை முடிப்பதை மறுக்கிற இடத்தில் கதை பெரியது. ஆனால் அந்தக் கதையில் கன்று உடனே செத்துவிடுகிறது. பதினோரு நாள் கூண்டில் கிடக்கவில்லை. அதனால் கதைக்குப் பசுவின் துக்கத்தையும் ராஜாவின் குற்றவுணர்ச்சியையும் பார்த்தால் போதும். அடிபட்ட உயிர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது நம் குற்றவுணர்ச்சி அதன் எதிரே வந்து நின்று மறைக்கிறது. காந்தியின் கட்டுரை இந்த இடத்தில் மனுநீதிக் கதையைவிட எனக்கு உதவியது. அதில் குற்றவாளியே இல்லை. கன்று எப்படி அடிபட்டது, யார் மேல் தப்பு என்று அவர் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. கன்றைப் பார்க்கிறார்.

பதினோராம் நாள் காலை மருத்துவர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க ஊசி. பூனை அம்மா மடியில் தலையைச் சாய்த்தது. அது ஆழ்ந்து தூங்கிய பிறகு மயக்க மருந்தின் பெரிய அளவு. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, போய்விட்டது என்றார். அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும்.

முதல் ஏழு நாள் காத்திருந்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அப்போது தின்றது, சீறியது, வெயில் பட்டால் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. பிழைக்க ஒரு வாய்ப்பும் இருந்தது. பதினோராம் நாள் முடித்ததும் சரி. எட்டாம் நாளிலிருந்து பதினோராம் நாள் வரை நான் செய்ததுதான் இம்சை. அதற்கு வைத்தியம் என்று பேர் வைத்திருந்தேன்.

பழைய நோட்டில் 'அகிம்சையின் எல்லை' என்ற தலைப்பை அடித்துவிட்டு, கீழே கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். மூச்சு எப்படி? வலி அடங்குகிறதா? தின்கிறதா? மூத்திரம் போகிறதா? திரும்பிப் படுக்க முடிகிறதா? இருக்கிற உதவி எங்கே இருக்கிறது, என்னால் அங்கே போக முடியுமா, முடியாது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்கிறேனா? கடைசியாக, இன்றைக்கு நான் செய்வது யாருக்காக? இந்தக் கடைசிக் கேள்வியைத் தினமும் கேட்க வேண்டும். மூணாம் நாள் வந்த பதில் எட்டாம் நாளுக்குச் செல்லாது.

எதிர்வீட்டு அத்தை ஒரு வாரம் பேசவில்லை. இப்போது பேசுகிறார். நான் காரை எடுக்கும் முன் பானெட்டை ரெண்டு தட்டு தட்டிவிட்டு, குனிந்து அடியில் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். மழைநாளிலும் குளிர்நாளிலும் பூனைகள் அங்கேதான் படுக்கும். நீங்களும் தட்டுங்கள்.